பம்பு அடிக்கிறவள்

அந்தக் காருக்கு வீட்டில் பெயர் மூத்தாள். பெயர் வைத்தது அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் காலையில் கண் விழித்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஷெட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வருவதைக் கவனித்தாள். "எனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவ. அப்ப அவதான் மூத்தாள், நான் இளையாள்" என்று கொழுந்தனிடம் சொன்னாள். வேடிக்கைக்குச் சொன்னது அப்படியே நிலைத்துப்போனது. மகள் ஒன்றாம் வகுப்பில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, அப்பா, அம்மா, சித்தப்பா, மூத்தாள் என்று ஒப்பித்துவிட, அந்த டீச்சர் இவளைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்ன கதையும் உண்டு.

இப்போது அதே மகள் வேறு ஊரில் நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இவளுக்கு அந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கத் தெம்பு இல்லை.

பந்தயத் திடலின் ஓரத்தில், கான்வாஸ் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே பழைய கார்கள் ஒவ்வொன்றாக உறுமிப் பார்த்துக்கொண்டிருந்தன. வெந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த நெடி புடவை மடிப்புக்குள் ஏறிவிட்டிருந்தது. இனி நாலு துவைப்புக்கும் போகாது. வலது தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். பாதிச் சுற்றில் வழக்கமான இடத்தில் சுருக்கென்றது.

மூத்தாள் அந்தக் காலத்துப் பந்தய வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரத்தான் இடம். பெட்ரோல் டாங்கி பின்னால் தாழ்வாக இருக்கும், எஞ்சின் முன்னால் உயரத்தில். பெட்ரோல் தானாக மேலே ஏறாது. டாங்கிக்குள் காற்றை அடித்து அழுத்தம் கொடுத்தால்தான் ஏறும். அதற்காகப் பக்கத்து இருக்கையின் ஓரத்தில், சைக்கிள் பம்பை நினைவூட்டும் ஒரு பித்தளைப் பம்பு. அந்தக் காலத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பந்தயம் முடியும் வரை அதை அடித்துக்கொண்டே இருப்பாராம். மூத்தாளுக்கு அந்த மெக்கானிக் இவள்தான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் வாரம் முழுக்க நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கைக்கு, பந்தயத்தன்று இந்த வேலை. அவருக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புச் சொல்கிற உத்தியோகம். நாளெல்லாம் நசுங்கிய கார்களையே பார்க்கிற மனுஷனுக்கு நசுங்காத ஒன்றின் மேல் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமில்லை என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வாள். காயலான் கடையில் கோழிகள் அடைந்து கிடந்த ஒரு தகரக் கூட்டை வாங்கி வந்து, ஆணி ஆணியாக உயிர் கொடுத்தவர். அந்தப் பிரியத்தை அவள் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

முதல் பந்தயத்தில் அவள் சிரித்துவிட்டாள். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். காற்று முகத்தில் அறைய, பயத்தில் தொடங்கிய அலறல் பாதியில் சிரிப்பாக மாறியது. வண்டி நின்ற பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அன்றிலிருந்து போவோர் வருவோரிடமெல்லாம் அவர், "என் பொண்டாட்டிக்கு என்னைவிட இதுல பிரியம்" என்று சொல்லித் திரிந்தார். ஒரு தடவை சிரித்ததற்கு இத்தனை வருஷம் பம்பு அடித்தாயிற்று.

வர முடியாது என்று சொல்ல அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. போன வருஷம் வாயைத் திறக்கப் போன நேரத்தில், அவளுடைய தோல் தொப்பிக்கு உள்ளே உறுத்தாமல் இருக்க மெல்லிய துணி வைத்துத் தானே தைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தையல் கோணல்மாணலாக இருந்தது. ஊசி குத்திய விரலில் பிளாஸ்திரி வேறு. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டாள்.

கொழுந்தன் ஒரு காலத்தில் வழி சொல்லத்தான் செய்தார். சின்னதாக ஓர் எலக்ட்ரிக் பம்பு மாட்டிவிட்டால் அண்ணி அக்கடா என்று வீட்டில் இருப்பாரே என்றார். அண்ணன்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். மூத்தாளைக் கொண்டுபோய் மிக்ஸியாக்கச் சொல்கிறாயா, அதற்குப் பேசாமல் மிக்ஸியையே ஓட்டலாமே என்று கேட்டவர், அந்த வாரம் முழுக்கத் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூத்தாளின் உடம்பில் அந்தக் காலத்துக்குப் பிறகு வந்த ஒரு திருகாணிகூட ஏறக் கூடாது. அவருக்கு அது ஒரு விரதம். அதற்குத் தகுந்தாற்போல, எதையும் மாற்றாத வண்டிகளுக்கென்று தனியாக இருந்த பிரிவில், சிவப்பு வட்டம் ஒட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு கோப்பையாவது வாங்கி வருவார். கூடத்து அலமாரியில் அவை வரிசையாக நின்றன. மூன்று வருஷமாகத்தான் எதுவும் வரவில்லை. வயசாகிறது, கை தளர்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நேற்று மகள் போனில் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். குழந்தை பிறந்ததும் வந்து ஒரு வருஷமாவது கூட இருக்க வேண்டும். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிற பேச்செல்லாம் வேண்டாம். "மூத்தாளுக்கு ஆள் வேணும்னு அப்பா சொன்னா, உனக்கு மக வேண்டாம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். போனை வைத்த பிறகு இவளுக்கு அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே முடிவு எடுத்தாள்.

முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. அதனால் சொல்லப் போவதில்லை, செய்துவிடப் போகிறாள். கடைசிச் சுற்றில், மரங்களுக்குப் பின்னால் பாதை ஏறுகிற இடத்தில், கையை எடுத்துவிடுவாள். எப்போதோ ஒருமுறை அங்கே அவளுக்குக் கை மரத்துப்போய்ப் பம்பு நின்றபோது, வண்டி நாலு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. இன்றும் நிற்கும். அந்த இடத்தில் கூட்டம் இருக்காது, அவருக்குத் தலைகுனிவும் இருக்காது. 'என்னால இனி முடியலைங்க' என்ற ஒரு வரியை, நின்றுபோன காரில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அதற்குப் பிறகு மூத்தாளை அவர் விற்கட்டும், போர்த்தி வைக்கட்டும். அவள் மகளிடம் போவாள்.

கூடாரத்துத் துணியை விலக்கிக்கொண்டு அவர் தலையை நீட்டினார். முடி முழுக்க நரைத்துவிட்டது. புருவத்தில் மட்டும் கறுப்பு பாக்கி இருந்தது.

"போலாமா?"

அவள் எழுந்தாள். முழங்கால் இரண்டும் ஒவ்வொன்றாகத்தான் ஒத்துக்கொண்டன.

கொழுந்தன் வண்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியின் பக்கவாட்டில் எண்ணுக்கு மேலே நீல வட்டம் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாக நீலம்தான். சிவப்பு தீர்ந்துவிட்டது என்று முதல் தடவை புருஷன் சொன்ன ஞாபகம். வட்டம் எந்த நிறமானால் என்ன, பம்பு அதேதானே என்று அவள் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணி, முகத்துல கொஞ்சம் சந்தோஷத்தைக் காட்டுங்க. போட்டோ எடுக்கிறாங்க" என்றார் கொழுந்தன்.

"இருந்தா காட்ட மாட்டேனா தம்பி?"

அவர் சிரித்துவிட்டு, என்னவோ சொல்ல வாயெடுத்து, அண்ணனைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைக்கப் போய்விட்டார்.

அவள் ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் திருப்பி, மறுகாலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போலத் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்து, காது மடல்களை இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே கொக்கியைப் போட்டார். "தொப்பி மொதல்ல, சுவிட்ச் அப்புறம்" என்பது கொஞ்ச காலமாக அவர் வைத்திருக்கும் சட்டம். காது கேட்காமல் போய்விடும் என்ற கரிசனம் என்று அவள் நினைத்திருந்தாள். பஞ்சு வைத்த மடல்களுக்குப் பின்னால் உலகம் தூரமாகப் போயிற்று.

அழுத்தம் காட்டுகிற முள் செத்து வெகுநாள் ஆயிற்று. அதற்கு மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை, கைக்கணக்காக அடி என்று சொல்லியிருந்தார். அவள் பித்தளைப் பிடியைப் பற்றி அடிக்கத் தொடங்கினாள். அந்த முள் செத்த வருஷமே பம்பில் புது வாஷர் போட்டதாகச் சொன்னார். அதிலிருந்து பிடி முன்பைவிட லேசாகத்தான் போய் வந்தது. ஆனால் எவ்வளவு லேசானாலும் தோளுக்கு அது தோள் வேலைதான்.

கொடி இறங்கியது. மூத்தாள் பாய்ந்தாள்.

முதல் சுற்று முழுக்க அவள் கண் பிடியை விட்டு நகரவில்லை. இழு, தள்ளு. வளைவில் உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது எலும்புக்கே தெரியும். நீண்ட மூக்குள்ள ஒரு பச்சைக் கார் சாவகாசமாக முந்திக்கொண்டு போனது. அடுத்த சுற்றுகளில் தோள் எரியத் தொடங்கியது. எப்போதும் இந்தக் கட்டத்தில் பல்லைக் கடிப்பாள். இன்று கடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான் என்று தோளிடம் சொன்னாள், ஊசி போட வந்த குழந்தையிடம் சொல்வது மாதிரி.

கடைசிச் சுற்றின் வெள்ளைப் பலகை தெரிந்தது. கூட்டம் பின்னால் போயிற்று. மரங்கள் வந்தன. பாதை மேலே தூக்கியது.

அவள் கையை எடுத்தாள்.

பிடி உள்ளே போய் அப்படியே நின்றது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். இதோ இருமும் என்று காத்திருந்தாள். வண்டி ஏறியது. இதோ என்றாள். வண்டி இன்னும் ஏறியது. முன்பு நின்றுபோன இடத்தைத் தாண்டியது. எஞ்சின் குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி மூத்தாள் உச்சிவரை ஏறிப் போனாள்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. செய்ய வேலை இல்லாமல் அந்த வண்டியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிமிர்ந்தாள். இடது பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு ஏரி பளீரென்று வந்து போனது. இத்தனை வருஷம் இந்த வழியாகப் போயிருக்கிறாள், இங்கே தண்ணீர் இருப்பதே தெரியாது. பிறகு அவரைப் பார்த்தாள். ஓட்டும்போது அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அதில் வெற்றி வெறி எதுவும் காணோம். உதட்டை இறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கின் அதிர்வை முழங்கை வரை வாங்கிக்கொண்டு, கனமான பாத்திரத்தைத் தளும்பாமல் எடுத்துப் போகிறவரைப் போல இருந்தார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

அவர் திரும்பி அவள் மடியைப் பார்த்தார். இரண்டு கையும் அங்கே இருந்தன. சட்டென்று முகத்தைப் பாதைக்குத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வண்டியைக் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இருவரும் அசையவில்லை. தூரத்தில் ஒலிபெருக்கி யாருடைய எண்ணையோ கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னது. அவள் கொக்கியைக் கழற்றித் தொப்பியை எடுத்து மடியில் வைத்தாள்.

"சுவிட்சைப் போடுங்க."

"எதுக்கு இப்ப?"

"போடுங்க."

அவர் போட்டார். இருக்கைக்கு அடியிலிருந்து டிக் டிக் டிக்கென்று சத்தம் வந்தது. கடிகாரத்துக்குக் காய்ச்சல் வந்த மாதிரி வேகமாக அடித்தது. தொப்பி போட்ட பிறகே சுவிட்ச் போடுகிற கரிசனத்தின் அர்த்தம் இப்போது தெரிந்தது. அவர் சுவிட்சை அணைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"உனக்குத் தோள்ல ஊசி போட்டாங்களே. அந்த வருஷம்."

அந்த வருஷம்தான் நீல வட்டம் வந்தது. முள் செத்தது. பிடி லேசானது. அலமாரிக்குக் கோப்பை வருவது நின்றது. அவள் ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எலக்ட்ரிக் பம்பு மாட்டிய வண்டி சிவப்புப் பிரிவில் நிற்க முடியாது; மாற்றிய வண்டிகளுக்கு நீலம். மனுஷன் பொய் சொல்லிக் கோப்பை வாங்கப் போகவில்லை. தானே போய் வண்டியில் மாற்றம் செய்திருக்கிறேன் என்று சொல்லி, இத்தனை நாள் யாரைப் பார்த்து மூக்கைச் சுளித்தாரோ அவர்களுக்கு நடுவில் போய் நின்றிருக்கிறார்.

மனசு இளகியது. அந்த இளக்கத்தின் மேலேயே கோபமும் ஏறி உட்கார்ந்தது.

"மூணு வருஷமா வெறுங்காத்தை அடிச்சிருக்கேன்."

அவர் சுவிட்சின் மேலிருந்த விரலை எடுத்துக்கொண்டார்.

"ராத்திரி ராத்திரி தைலம் தேச்சுவிட்டீங்க. பாவம், எவ்வளவு பாசம்னு நெனச்சேன்."

"பாசம்தான்" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு, "பயமும்தான்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வர மாட்ட."

"வர மாட்டேன்தான்."

"அதான் சொல்லலை."

டம்ளர்களில் டீ எடுத்துக்கொண்டு கொழுந்தன் வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். அவள் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தார். நான் அப்போதே அண்ணனிடம் சொன்னேன் என்று ஆரம்பித்தார். அண்ணனிடம் சொன்னீர்கள், என்னிடம் சொன்னீர்களா தம்பி என்று அவள் கேட்டாள். அவர் டீயை வண்டியின் மூக்கின் மேல் வைத்துவிட்டு வந்த வழியே பின்னாலேயே நடந்து போய்விட்டார். சாதாரண நாளாக இருந்தால், அந்த இடத்தில் சூடாக எதையும் வைக்கக் கூடாது என்று அண்ணன் கத்தியிருப்பார். இன்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்.

அவள் மகள் கேட்டதைச் சொன்னாள். ஏறும்போது கையை எதற்காக எடுத்தாள் என்பதையும் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னாள். நின்றுபோன வண்டியில் சொல்ல நினைத்ததை, நிற்காமல் ஓடிய வண்டியில் உட்கார்ந்து சொன்னாள்.

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூத்தாளை வித்துடட்டுமா?"

நேற்று ராத்திரி இந்தக் கேள்வி வந்திருந்தால் உம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இப்போது அது எதிரே வந்து நிற்கும்போது, இதுவல்ல தனக்கு வேண்டியது என்று தெரிந்தது. தனக்கு இடைஞ்சல் இந்த வண்டியே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்டால் அவள் மறுப்பாளோ என்று அவர் பம்பை ஒளித்தார். மறுத்தால் அவர் வாடுவாரோ என்று அவள் வண்டியையே நிறுத்தப் பார்த்தாள்.

"நான் விக்கச் சொல்லலை. கேக்கச் சொல்றேன். உங்களுக்கு என்ன வேணுமோ அதை என்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க. எனக்கும் சொல்லத் தெரியட்டும்."

அவர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத்தான் கேட்டார், அவளைப் பார்த்துக் கேட்க வரவில்லை.

"நீ பக்கத்துல இருந்தா எனக்கு வளைவு பயமா இருக்காது. பம்பு அடிக்க வேண்டாம். சும்மா வந்து உக்காருவியா?"

அவள் யோசித்தாள். இப்போது பொய் சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று தெரியும்.

"அடுத்த வருஷம் வர மாட்டேன். பேரப்பிள்ளையோட இருப்பேன்."

"சரி."

"தம்பியை உக்கார வையுங்க."

"அவன் கனத்துக்கு, ஏத்திக்கிட்டா ஏத்தத்துல நான் எறங்கித் தள்ளணும்."

அவளுக்கு உதடு துடித்தது. சிரிப்பை விடவில்லை, ஒருமுறை விட்டதற்குப் பட்டது போதும்.

"அதுக்கு அடுத்த வருஷம்?" என்றார்.

"அப்பக் கேளுங்க. யோசிச்சுச் சொல்றேன்." கொஞ்சம் பொறுத்து, "அங்க மரத்துக்குப் பின்னாடி ஒரு ஏரி இருக்கு" என்றாள்.

"ஆமா. எப்பவும் இருக்கே."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் கையை நீட்டி, பித்தளைப் பிடியின் மேலிருந்த அவள் விரல்களை எடுத்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தபோது பழக்கத்தில் அவள் கை அங்கே போயிருந்தது, அவளுக்கே தெரியாமல்.

"இந்தப் பிடியையும் கழட்டிடுங்க" என்றாள்.

"ஐயோ, அது ஒரிஜினல்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கழட்டிடறேன்" என்றார்.

திடலில் வெயில் சாய்ந்தது. மற்ற வண்டிகளை லாரிகளில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூக்கின் மேலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. எட்டி எடுக்க இருவருக்கும் சோம்பலாக இருந்தது.

"எறங்கலாமா?" என்றார் அவர்.

அவள் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் ஒத்துவரவில்லை. அவர் தன் இடுப்பை நகர்த்திப் பார்த்து முனகினார்.

"தம்பி வரட்டும்" என்றாள்.

"வருவான்" என்று அவரும் சாய்ந்துகொண்டார்.